வந்தியின் பங்கு

கப்பலூர் சுங்கச்சாவடியில் உள்ளூர் வண்டிக்குக் கட்டணம் கேட்டால் சுற்றுவட்டாரமே திரண்டு வந்து சாலையில் உட்கார்ந்துவிடுகிறது. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சாவடி வைக்கக் கூடாது என்ற பொது விதியைச் சுட்டிக்காட்டித் திருமங்கலம் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள்; 2024 ஜூலையிலும் போராட்டம் நடந்தது. அங்கே கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: இந்தத் தொகையை யார், எந்தக் கணக்கில் நிர்ணயித்தார்கள், அதை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? நல்ல கேள்வி. அதே ஊரின் தெருக்குழாயில் வரும் தண்ணீருக்கும் ஒரு கட்டணம் இருக்கிறது. அதைப் பற்றி இதே கேள்வியை யாரும் இவ்வளவு உரக்கக் கேட்பதில்லை.

காரணம், தண்ணீர் விஷயத்தில் நம் மனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. ‘தண்ணிக்குக் காசா?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தண்ணீரை விற்பது பாவம், கொடுப்பது புண்ணியம் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த மனம் அது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது மதுரையில் நீர்மோர்ப் பந்தல் இல்லாத முக்கு கிடையாது. அன்றைக்கு ஒரு குவளைத் தண்ணீருக்குக் காசு கேட்பவனை இந்த ஊர் மனிதனாக மதிக்காது.

ஆனால் அழகர் இறங்குகிற அந்தத் தண்ணீர் தானாக வந்ததல்ல. வறண்டு கிடக்கும் ஆற்றில் விழாவுக்கென்றே வைகை அணையைத் திறக்கிறார்கள். அதற்கு அரசு உத்தரவு வேண்டும். எத்தனை நாள், எத்தனை கன அடி என்று கணக்கு வேண்டும். மதகைத் தூக்க ஆள் வேண்டும். சாமிக்கு வருகிற தண்ணீரின் பின்னால்கூட யாரோ ஒருவரின் சம்பளம் இருக்கிறது.

தண்ணீர்ப் பந்தல்களின் வரலாற்றைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. திங்களூர் அப்பூதியடிகள், தாம் நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதை பெரியபுராணத்தில் வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் உண்டு. அவற்றில் தண்ணீர் இறைத்துக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு நெல், பந்தலில் நின்று வார்ப்பவருக்கு இவ்வளவு, கலம் வனைந்து தரும் குயவருக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியிருப்பார்கள். வழிப்போக்கன் காசு கொடுக்காமல் குடித்தான். அவனுக்காக ஒரு வயல் விளைந்துகொண்டிருந்தது. கல்வெட்டு வெட்டியவர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

இஸ்லாமிய மரபிலும் இதே தெளிவு இருக்கிறது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றும் மக்களுக்குப் பொது என்பது நபிமொழி வழி வந்த கொள்கை. மதீனாவில் ரூமா கிணற்றுத் தண்ணீர் காசுக்கு விற்கப்பட்டபோது, நபித்தோழர் உஸ்மான் அதை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக விட்டார். அதேநேரம், ஆற்று நீரும் ஊற்று நீரும் பொதுவென்றாலும், ஒருவர் பாத்திரத்தில் மொண்டு சுமந்து வந்த நீருக்கு அவர் விலை கேட்கலாம் என்று சட்ட அறிஞர்கள் பிரித்துச் சொன்னார்கள். நீர் இறைவனுடையது, சுமந்த உழைப்பு மனிதனுடையது.

ஆக, தண்ணீருக்கு விலை உண்டா என்ற கேள்விக்கு மதங்கள் எப்போதோ விடை சொல்லிவிட்டன. நீருக்கு விலை இல்லை, சுமைக்குக் கூலி உண்டு. மிச்சமிருப்பது அதைவிடக் கடினமான கேள்வி. அந்தக் கூலியை ஊரில் யார் யார், எவ்வளவு பங்கு போட்டுக் கொடுப்பது?

முல்லைப் பெரியாறு ஒப்பந்தத்தை இந்தக் கண்ணோடு படித்தால் ஆச்சரியமாக இருக்கும். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே கையெழுத்தானது, 999 ஆண்டுகளுக்கு. மதுரைச் சீமைக்கே உயிர் கொடுத்த அந்தத் தண்ணீருக்குக் குத்தகை, 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1970இல் அதை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தினார்கள். விலை வைத்தது மூழ்கும் நிலத்துக்கு. ஓடிவரும் நீருக்கு இத்தனை கன அடிக்கு இவ்வளவு என்று வைக்கவில்லை. வியாபாரத்தில் யாருக்கும் சளைக்காத வெள்ளைக்கார அரசும் அங்கே தண்ணீரை அளந்து விலை போடவில்லை. இன்று அதே பெரியாற்று நீரை லோயர் கேம்பிலிருந்து குழாய் வழியே மதுரை மாநகருக்குக் கொண்டுவர, நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் அளவில் திட்டம் போடப்பட்டது. செலவு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. நீர் அதே நீர்தான். குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் மேல்நிலைத் தொட்டிகளும்தான் கோடிகளை விழுங்கின.

கப்பலூர் மாதிரி ஒரு ஊராட்சியில் இந்தச் செலவு எப்படி உருவாகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். நூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேலே தூக்க, இயற்பியல் கணக்குப்படி கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் வேண்டும். ஊராட்சி மோட்டார் பாதித் திறனில் ஓடினால் அது அரை யூனிட்டைத் தாண்டும். இதில் யாரும் பேரம் பேச முடியாது. பிறகு தொட்டி. 15 நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியைச் சுவரில் எழுத வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். டேங்க் ஆபரேட்டர் அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி ஊற்றுவார். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது அளவு. அந்த மிச்சத்தில்தான் ஒரு தெருக் குழந்தைகளின் வயிறு இருக்கிறது. அவர் ஒருநாள் ஏறாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வாரம் ஏறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டு ஊராட்சிகளில் வங்கிக் கணக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டாம் கணக்கு, மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஊரின் தாகத்துக்கென்று தனிக் கணக்கு என்றே சொல்லலாம். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்திலும் 30 சதவீதம் குடிநீருக்கும் 30 சதவீதம் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப் போட்டுத்தான் கொடுத்தார்கள். வீடுகள் கட்டும் மாதக் கட்டணம் இந்தப் பெரிய தொகைகளுக்குப் பக்கத்தில் சிறியது. பெரும் பங்கை வரி கட்டும் யாரோ, எங்கோ ஏற்கெனவே கொடுத்துவிடுகிறார்கள். அது அறமான ஏற்பாடுதான். யார் கொடுக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியாமல் இருப்பதுதான் குறை.

இங்கே மதுரைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டிய கதை ஒன்று உண்டு. ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் நடத்திக்காட்டுகிற கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் 61ஆவது படலம், மண் சுமந்தது. வைகையில் வெள்ளம் வந்து கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டையே கூலியாகப் பேசிக்கொண்டு, வேலை செய்யாமல் ஆடிப்பாடித் திரிகிறார். அரசன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன் மேல், அரசி மேல், எல்லா உயிர்கள் மேலும் விழுகிறது.

இதைப் பக்திக் கதையாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். ஒரு நீர்ப் பணிக்கு ஊர் எப்படிப் பங்கு போட்டது என்ற வழக்காகவும் இதைப் படிக்கலாம். ‘வீட்டுக்கு ஓர் ஆள்’ என்பது இன்றைய சொல்லில் சமமான நிலைக் கட்டணம். மாளிகைக்கும் ஓர் ஆள், குடிசைக்கும் ஓர் ஆள். காகிதத்தில் பார்த்தால் பாரபட்சம் இல்லாத ஆணை. கரையை அடைக்க வேண்டியது அவசியம் என்பதிலும் சந்தேகம் இல்லை. வெள்ளம் வந்தால் வந்தியின் வீடும்தான் போகும். கதையில் எங்கும் வந்திக்குப் பங்கே வேண்டாம் என்று இறைவன் சொல்லவில்லை. அவள் பங்கு அவள் பங்குதான். அவள் உதிர்ந்த புட்டாவது கொடுத்தாள். அதைச் சுமக்க வேறொரு தோள் வந்தது. சுமக்க முடியாதவளின் பங்கைச் சுமக்க ஒரு தோளை ஏற்பாடு செய்யாத ஆணைதான் அங்கே குற்றவாளி. அந்தப் பிரம்படியும் வெறும் அற்புதம் அல்ல. கட்டணம் கட்டாத ஒரு வீட்டின் இணைப்பைத் துண்டித்தால் அந்த வீடு எங்கிருந்தோ அழுக்குத் தண்ணீரை எடுக்கும். வயிற்றுப்போக்கு அந்த வீட்டு வாசலோடு நிற்காது. ஒருவர் முதுகில் விழுந்தது ஊர் முதுகில் விழும்.

அந்தத் தோளை ஏற்பாடு செய்கிற வழிகளைத் தமிழ்நாட்டிலேயே பல விதமாக முயன்றிருக்கிறார்கள். சென்னைக் குடிநீர் வாரியம் சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதத்தைக் குடிநீர், கழிவுநீர் வரியாக வாங்குகிறது. பெரிய வீட்டுக்காரர் அதிகம் கொடுப்பார். திருப்பூரில் 2005-06இல் ஓடத் தொடங்கிய தனித் திட்டத்தில் தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய், நகர வீடுகளுக்கு 5 ரூபாய், கிராமங்களுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். சாயப்பட்டறை கொடுத்த காசில் வழியோரக் கிராமத்துக் குடம் நிறைந்தது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2011 ஜனவரியில், நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, சுமந்த தோள் திடீரென்று விலகிக்கொண்டது; திட்டத்தின் வருமானமும் சரிந்தது. ஆற்றைக் கெடுப்பவனின் காசில் குடிநீர் மலிவாக ஓடுவது எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத் திருப்பூர் காட்டியது. சிட்கோ தொழிற்பேட்டையும் பெரிய நூற்பாலையும் எண்ணெய்க் கிடங்கும் உள்ள கப்பலூர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தொழிலிடம் கூடுதல் பங்கு கேட்பது நியாயம். அந்த ஒரு தோளை மட்டும் நம்புவது ஆபத்து.

நெல்லை அருகே உள்ள கங்கைகொண்டான் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுப்பதை எதிர்த்து மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு வந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை, 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடி. சட்டம் முடிந்துவிட்டது, மனம் ஆறவில்லை. இருபது லிட்டர் கேன் ஒன்றை 30 ரூபாய்க்கு வாங்கும் குடும்பம் ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய் கொடுக்கிறது. குழாய்க் கட்டணத்தைப் பத்து ரூபாய் கூட்டினால் கொதிக்கிற ஊர், கேன் லாரி வரும்போது வாசலில் காத்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் மேல் நம்பிக்கை போனதற்கு ஏழை கட்டும் அபராதம்தான் அந்த 1,500 ரூபாய்.

அப்படியானால் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று ஒரு கட்சி உண்டு. டெல்லியில் 2015 முதல் வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணம் இல்லை. குழாயும் மீட்டரும் இருந்தவர்களுக்கு நல்லது நடந்தது. குழாயே போகாத குடியிருப்புகளில் டேங்கருக்குக் குடத்தோடு வரிசை நின்றவர்களுக்கு அந்த இலவசத்தால் ஒரு சொட்டும் கூடவில்லை. இலவசத்திலும் கடைமடை கடைமடையாகவே இருந்தது.

கடைமடை என்பது நம் கண்மாய்ப் பாசனத்தின் சொல். தலைமடைக்காரன் அள்ளிக்கொண்டால் கடைமடை காயும் என்று தெரிந்துதான் முறைவைத்துப் பாய்ச்சினார்கள். நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஓர் ஆளை ஊர் நியமித்து, அவருக்குக் களத்திலேயே நெல் அளந்தது. அந்த நெல்லும் ஒரு தண்ணீர்க் கட்டணம்தான். ஆனால் யாருக்காகக் கொடுக்கிறோம் என்று முகம் தெரிந்து கொடுத்த கட்டணம். இன்று தெருமுனையில் இருக்கும் வீடு குழாயில் மோட்டாரைச் செருகி உறிஞ்சுகிறது. கடைசி வீட்டுக்குச் சொட்டுகிறது. மீட்டர் இல்லாத ஊரில் இரண்டு வீடும் ஒரே தொகை கட்டுகின்றன. பாண்டியனின் ‘வீட்டுக்கு ஓர் ஆள்’ ஆணையைவிட இது மோசம், ஏனென்றால் இங்கே வலுத்தவன் பங்கையும் இளைத்தவன் சுமக்கிறான்.

தானமாகவே இருக்கட்டும், கட்டணம் எதற்கு என்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் மகத் ஊர் பதில் சொல்லும். சவதார் குளம் பொதுக்குளம். எல்லோரும் எடுக்கலாம் என்று அந்த நகராட்சி 1924இல் தீர்மானமே போட்டிருந்தது. ஆனாலும் தலித் மக்கள் நெருங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய்க் கையால் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது 1937இல். தானத்தின் கதவைக் கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் சாத்தலாம். வீட்டு எண்ணும் ரசீது எண்ணும் உள்ள இணைப்பை அப்படிச் சாத்த முடியாது. சிறு தொகையாக இருந்தாலும் கட்டணம் ஒரு குடும்பத்தைக் கையேந்துபவரின் இடத்திலிருந்து கணக்குக் கேட்பவரின் இடத்துக்குக் கொண்டுவருகிறது. அதற்காகவாவது அது வேண்டும்.

எவ்வளவு நீர் வரை அந்தச் சிறு தொகை? 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 6,600 லிட்டர். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் மாநகரம் வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசமாகக் கொடுத்து, அதற்குமேல் முன்பணம் போட்டால்தான் ஓடும் மீட்டரை சொவேட்டோ வீடுகளில் வைத்தது. ஒரே மனையில் நாலைந்து குடும்பங்கள் இருந்த இடங்களில் மாதம் பாதி போவதற்குள் குழாய் நின்றது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம்வரை போய், 2009 அக்டோபரில் மாநகரத்துக்குச் சாதகமாக முடிந்தது. இந்த அளவு போதும் என்று நிர்ணயிப்பது எங்கள் வேலையல்ல என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே, 2010 ஜூலை 28 அன்று, குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. உரிமை என்று சொல்லிவிடுவது எளிது. எத்தனை லிட்டர், யார் காசில் என்பதை ஒவ்வொரு ஊரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

இதுவரை பேசியது பாதிக் கட்டணம்தான். இன்னொரு பாதியைப் பற்றி நம் மத மரபுகள் பேசியதே குறைவு. சென்னையின் அந்த 7 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் குடிநீருக்கு ஒன்றரை, கழிவுநீருக்கு ஐந்தரை. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதைவிட, வீட்டிலிருந்து அழுக்கை எடுத்துப் போவதற்குத்தான் பெரும் பங்கு. நாமோ மனசுக்குள் இதை நேர்மாறாக வைத்திருக்கிறோம். கிணறு வெட்டியவர் பெயரும் பந்தல் வைத்தவர் பெயரும் கல்லில் இருக்கின்றன. சாக்கடைக்கு நிலம் விட்டதாகக் கல்வெட்டு காண்பது அரிது. தண்ணீர் தந்தால் புண்ணியம், கழிவை எடுத்தால் தீட்டு என்று பிரித்த ஊர், அந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் இலவசமாக ஏற்றிவிட்டது. பல நூற்றாண்டுகளாக இந்த மண்ணில் கழிவுநீர்க் கட்டணத்தைக் கட்டியவர்கள் அவர்கள்தான்.

இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர் நீரேற்று நிலையத் தொட்டியில் இறங்கிய மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயுவில் இறந்தார்கள். மனிதர் இறங்குவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இயந்திரம், முகக்கவசம், வாயுக் கருவி, காப்பீடு, நிரந்தர ஊதியம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கட்டணத்தில் சேர்க்காமல் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கிறோம் என்று ஓர் உள்ளாட்சி பெருமைப்பட்டால், மிச்சத்தை யாரோ உயிராகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

பாதாளச் சாக்கடை போகாத ஊர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிடுகிறோம், பணம் கொடுக்கிறோம், லாரி போய்விடுகிறது. எங்கே போய்க் கொட்டியது என்று கேட்பதில்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ராத்திரியில் கண்மாய்க் கரையில் திறந்துவிட்டால், அது அடுத்த ஊரின் ஆழ்குழாய்க் கிணற்றுக்குத்தான் போகும். லாரிக்குக் கொடுத்த பணத்தோடு தன் கடமை முடிந்தது என்று ஒரு வீடு நினைப்பதும் பாவக் கணக்கில்தான் வரும்.

இப்போது சொல்ல வேண்டியது நேரானது. உயிர்வாழத் தேவையான அளவு நீர் எல்லா வீட்டுக்கும் பெயரளவுக் கட்டணத்தில் கிடைக்க வேண்டும். அதைக்கூடக் கட்ட முடியாத வீட்டின் பங்கை ஊர் வெளிப்படையாக ஏற்க வேண்டும், இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. தோட்டத்துக்கும் தொட்டிக்கும் வணிகத்துக்கும் அளந்து, ஏறுமுகமாக வாங்க வேண்டும். கழிவைக் கையாளுபவரின் பாதுகாப்புச் செலவு முதல் செலவாகக் கணக்கில் ஏற வேண்டும். 2018 ஜனவரியில் கோவையில் குடிநீர் விநியோகத்துக்குச் சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது, கட்டணத்தை நிர்ணயிப்பது மாநகராட்சிதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மக்களின் அச்சம் தணியவில்லை. கணக்கை முன்கூட்டியே மக்கள் முன் விரிக்காத இடத்தில் எந்த விளக்கமும் எடுபடாது.

விரிப்பதற்கு நம்மிடம் இடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். கப்பலூர்க்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் அன்றைக்குப் போய் உட்கார்ந்து, சுங்கச்சாவடியில் கேட்கிற அதே உரிமையோடு கேட்க வேண்டும்: இரண்டாம் கணக்கில் இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, மின்சாரத்துக்கு எவ்வளவு போனது, டேங்க் ஆபரேட்டருக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள், எந்தத் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, எத்தனை வீடு கட்ட முடியாமல் பாக்கி வைத்திருக்கிறது, செப்டிக் லாரி எங்கே கொட்டுகிறது. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.